மைக்குக்கு மூளை இல்லை

காலியான ஓர் அறையில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பாருங்கள். தரையில் டைல்ஸ், சுவரில் வெறும் பெயின்ட், ஜன்னலில் திரைகூடக் கிடையாது. அப்படியிருந்தும் எதிரில் இருப்பவர் சொல்வது ஒரு சொல் விடாமல் தெளிவாகக் கேட்கும். இப்போது உங்கள் காது இருந்த இடத்தில் செல்போனை வைத்து அதே பேச்சைப் பதிவு செய்து, பிறகு போட்டுக் கேளுங்கள். ஆள் கிணற்றுக்குள் நின்று பேசுவதுபோல இருக்கும். பேசியவரும் மாறவில்லை, அறையும் மாறவில்லை. செல்போன் மைக் மட்டமானது என்று பழியை அதன்மேல் போடத் தோன்றும். ஐம்பதாயிரம் ரூபாய் மைக்கைக் கொண்டுவந்து அங்கே வைத்தாலும் அந்தக் கிணறு போகாது. முன்பைவிடத் துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

வாயிலிருந்து புறப்படும் ஒலி நேர்வழியில் ஒருமுறையும், சுவர், தரை, கூரை, மேஜை என்று பட்டுத் திரும்பிப் பல நூறு முறையும் காதுக்கு வந்து சேர்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சுவரைத் தொட்டுவிட்டு மூன்று மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் ஒலி 9 மில்லிநொடி பிந்தும். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949-இல் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தது இதைத்தான். ஏறக்குறைய 30 மில்லிநொடிக்குள் பின்தொடர்ந்து வரும் எதிரொலியை மனித மூளை தனி ஒலியாகக் கணக்கில் எடுப்பதே இல்லை. முதலில் வந்ததோடு சேர்த்துக்கொண்டு, எல்லாம் ஒரே திசையிலிருந்து, அந்த வாயிலிருந்தே வந்ததாக நமக்குச் சொல்லிவிடுகிறது. எதிரொலி கொஞ்சம் உரத்து வந்தாலும் இப்படித்தான். இந்த வேலைக்கு இரண்டு காதுகளும் தேவை. இரு காதுக்கும் வந்து சேரும் ஒலிகளில் உள்ள சிறு வேறுபாடுகளை வைத்தே மூளை அறையைப் பிரித்துத் தள்ளுகிறது. அதே காலி அறையில் ஒரு காதை விரலால் இறுக்க அடைத்துக்கொண்டு கேட்டால், அதுவரை இல்லாத முழக்கம் திடீரென்று தலைகாட்டும்.

மைக்குக்கு ஒரே காது, அதற்குப் பின்னால் மூளையும் கிடையாது. நேராக வந்தது எது, சுற்றி வந்தது எது என்று பார்க்காமல் அனைத்தையும் ஒரே கோட்டில் எழுதி வைத்துவிடும். அதை நாம் ஸ்பீக்கரில் கேட்கும்போது குரலும் எதிரொலியும் ஒரே இடத்திலிருந்து கலந்து வருகின்றன. பிரித்தெடுக்க மூளைக்கு எந்தத் துப்பும் இல்லை. விளம்பரம், ஆவணப்படம், ஒலிநூல், ரயில் நிலைய அறிவிப்பு எதுவானாலும், பின்னணிக் குரலைப் பதிவு செய்பவர்கள் படும் பாடெல்லாம் இதிலிருந்து தொடங்குகிறது. கேட்பவரின் மூளை இலவசமாகச் செய்துகொடுத்த வேலையை இப்போது பஞ்சையும் துணியையும் இடைவெளியையும் வைத்து நாம் செய்தாக வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் மைக்கில் போடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. முதல் ரூபாய் அறைக்குப் போக வேண்டும்.

அறையை அளந்து பார்க்கலாம் என்று முதலில் காட்டியவர் வாலஸ் சபைன். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 27 வயது இயற்பியல் ஆசிரியர். அங்கே ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு சொல்லைச் சொன்னால் அது அடங்க ஐந்தரை நொடி ஆனது. அதற்குள் பேசுபவர் அடுத்த பத்துச் சொற்களையாவது சொல்லி முடித்திருப்பார். என்ன செய்யலாம் என்று பார்க்கும்படி நிர்வாகம் சபைனிடம் ஒப்படைத்தது. அவரிடம் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழாய், நேரம் குறிக்கும் கருவி ஒன்று, சொந்தக் காது. ஊர் அடங்கிய நள்ளிரவில்தான் அளக்க முடியும். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் உதவியாளர்களோடு சுமந்து வந்து, சிலவற்றைப் பரப்பி அளப்பார். இன்னும் சிலவற்றைப் பரப்பி மறுபடி அளப்பார். விடிவதற்குள் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும், காலையில் அங்கே மாணவர்கள் வந்துவிடுவார்கள். மண்டபம் நிறைய மெத்தைகளை அடுக்கியபோது ஐந்தரை நொடி ஒரு நொடியை ஒட்டி வந்து நின்றது.

இதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி அவருடைய உடை பற்றியது. அளவுகள் நாளுக்கு நாள் லேசாக முரண்படுவதைக் கவனித்த சபைன், தாம் அணிந்திருக்கும் துணியும் ஒலியைக் குடிக்கிறது என்று கண்டுபிடித்தார். அதுவரை எடுத்த ஆயிரக்கணக்கான அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதன்பின் ஒவ்வோர் இரவும் ஒரே கோட்டு, ஒரே கால்சட்டை என்று அணிந்து வந்து முதலிலிருந்து தொடங்கினார். ஒரு மனிதனின் சட்டை, பெரிய மண்டபத்தின் ஒலியைக் கணக்கில் தெரியும் அளவுக்கு மாற்றுகிறது என்றால், சிறிய அறையில் எதைத் தொங்கவிடுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம்! 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபொனி அரங்கம் அவர் கணக்கைக் கொண்டு கட்டப்பட்டது. இன்றும் உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

சபைனின் கணக்கு எளிது. அறையின் கன அளவை 0.16 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், முழக்கம் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எத்தனை நொடி ஆகும் என்பது வந்துவிடும். நம் ஊரில் எங்கும் காணும் பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்வோம். கூரையும் பத்தடி என்று வைத்தால் கன அளவு சுமார் 28 கன மீட்டர், சுவரும் தரையும் கூரையுமாக 56 சதுர மீட்டர். பூச்சுச் சுவர் தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். கணக்குப் போட்டால் முழக்கம் இரண்டு நொடியைத் தாண்டுகிறது. குரல் பதிவுக்கு அது 0.3 நொடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். அதற்கு, பட்ட ஒலியை முழுக்கக் குடித்துவிடும் பரப்பு சுமார் 15 சதுர மீட்டர் தேவை. மொத்தப் பரப்பில் கால் பங்குக்கு மேல்!

சுவரில் ஒட்டும் ஒரு அங்குல ஃபோம் இதற்குப் போதாது. ஒலியின் அலைநீளத்தில் கால் பங்காவது தடிமன் இருந்தால்தான் பஞ்சு போன்ற பொருள் அதை நன்றாக உறிஞ்சும். 3000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 3 சென்டிமீட்டர் போதும். ஆண்குரலின் அடித்தளமான 100 ஹெர்ட்ஸுக்கோ 85 சென்டிமீட்டர் வேண்டும். மெல்லிய ஃபோமை அறை முழுக்க ஒட்டினால் உச்ச ஒலிகள் செத்து, அடி ஒலிகள் அப்படியே உருண்டுகொண்டிருக்கும். குரல் மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றுவது இதனால்தான். முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டினால் எதிரொலி அடங்கும் என்ற நம்பிக்கை இன்னும் பரிதாபம். காகித அட்டையில் உறிஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? அதைவிட வீட்டில் கிடக்கும் பழைய இலவம் பஞ்சு மெத்தை எவ்வளவோ மேல். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிமிர்த்தி வைத்தால் இன்னும் ஆழமான ஒலிகளையும் பிடிக்கும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதை நோக்கிப் பேசுவதும் நல்ல வழி.

பத்துக்குப் பத்துக்குப் பத்து என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி நின்று அதிரும் அதிர்வெண்கள் 56, 112, 169 ஹெர்ட்ஸ் என்று வரும். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் இதே எண்களில் அதிர்வு குவியும். ஆண்குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள். பேசும் வாக்கியத்தில் குரல் 112-ஐத் தொடும் ஒவ்வொரு முறையும் அந்த அசை மட்டும் வீங்கிக் கேட்கும். நல்ல ஸ்டுடியோக்களில் சுவர்கள் இணையாக இல்லாமல் சாய்ந்திருப்பதற்கும், மூலைகளில் தடித்த பஞ்சுத் தூண்கள் நிற்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. மெத்தையும் திரையும் அறைக்குள் பிறந்த ஒலியை அடக்கும். தெருவில் போகும் பேருந்தின் ஹாரனை நிறுத்தாது. வெளி ஒலியை நிறுத்த எடை வேண்டும், காற்றுப் புகாத அடைப்பு வேண்டும். கதவின் கீழே விரல்கடை இடைவெளி இருந்தால் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை. டப்பிங் தியேட்டர்களில் இரட்டைக் கதவும், அறைக்குள் தனியாக ரப்பர் தாங்கிகளில் நிற்கும் இன்னோர் அறையும் கட்டுவது இதற்காக. வீட்டில் பதிவு செய்பவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அவர்கள் நம்பியிருப்பது இரவு பதினோரு மணிக்குப் பிந்திய அமைதியைத்தான். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும், குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்தியாக வேண்டும். சித்திரை மாதத்தில் சென்னையில் மூடிய அறைக்குள் ஒரு மணி நேரம் ஒலிநூல் வாசிப்பவரின் உழைப்பைக் கேட்பவர் யாரும் அறிய மாட்டார்கள்.

அறைக்கு அடுத்தது இடைவெளி. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் நேராக வரும் ஒலியின் ஆற்றல் நான்கு மடங்காகும். அறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் எதிரொலியோ அப்படியே இருக்கும். நாலு சாண் தள்ளிப் பேசுபவர் ஒரு சாணுக்கு வந்தால் குரல் அறையைவிடப் பதினாறு மடங்கு, அதாவது 12 டெசிபல், முன்னுக்கு வருகிறது. காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றம் செய்வதை எந்த மென்பொருளாலும் அதே தரத்தில் செய்ய முடியாது.

கிட்டே வருவதற்கும் விலை உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் கேட்கும் மைக்குகள், தகட்டின் முன்னும் பின்னும் வரும் காற்றழுத்தத்தின் வித்தியாசத்தை அளப்பவை. வாய் மிக அருகில் இருந்தால் தாழ்ந்த ஒலிகளில் அந்த வித்தியாசம் பெருகி, குரல் கனத்துவிடும். வானொலியில் சிலருடைய குரல் நெஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல ஆழமாகக் கேட்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் தலையை இரண்டு அங்குலம் பின்னே இழுத்தாலே அந்தக் கனம் காணாமல் போகும். அதனால் ஒரு பத்தி முழுவதும் தலை அசையாமல் வாசிப்பது பயிற்சியால் வரவேண்டிய திறமை.

மைக்கில் இரண்டு வகைதான் இங்கே பேசப்படும். கன்டென்சர் மைக்கில் மின்னேற்றிய மெல்லிய தகடு ஒலிக்கு ஏற்ப அசையும். 1916-இல் அமெரிக்காவில் ஈ. சி. வென்டே உருவாக்கிய முறை இது. ஸ்டுடியோக்களில் உள்ளவை பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் கேட்கும். டைனமிக் மைக்கில் காந்தத்துக்குள் கம்பிச்சுருள் அசையும். முன்னது நுணுக்கமானது, பின்னது முரட்டுத்தனமானது. சரிசெய்யாத அறையில் நுணுக்கமான மைக்கைவிட, வாய்க்கு அருகே வைத்த டைனமிக் மைக் நல்ல பலன் தருவதுண்டு.

அடுத்தது காற்று. ‘ப’ என்று உதடு திறக்கும்போது சிறு காற்றுக் குண்டு வெளியேறி மைக் தகட்டை அறைகிறது. பதிவில் ‘தொப்’ என்று ஒரு இடி. நைலான் வலை கட்டிய பாப் ஃபில்டர் அந்தக் காற்றைச் சிதறடிக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வைத்தால் குண்டு தாண்டிப் போய்விடும். தமிழ் பேசுபவர்களுக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ‘பல்’ என்று சொல்லுங்கள். காகிதம் அதிகம் அசையாது. ஆங்கிலேயர் உச்சரிப்பில் ‘பென்’ என்று சொன்னால் காகிதம் துள்ளும். நம் வல்லினத்தில் மூச்சுக் கலப்பு குறைவு. ஆனால் ‘ஸ்’, ‘ஷ்’ ஒலிகளின் சீறல் நமக்கும் உண்டு. 5000 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை குவியும் அந்தச் சீறலைப் பதிவுக்குப் பின் அந்த இடத்தில் மட்டும் அழுத்திக் குறைக்கிறார்கள்.

காதில் மாட்டும் ஹெட்போன் வெறும் துணைக்கருவி என்று நினைப்பவர்கள் அதிகம். அதுதான் பேசுபவரின் குரலையே மாற்றுகிறது. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர்கள் தம்மை அறியாமல் குரலை உயர்த்துகிறார்கள் என்பதை பிரான்ஸ் மருத்துவர் எத்தியன் லொம்பார் 1911-இல் எடுத்துரைத்தார். இதற்கு மறுபக்கமும் உண்டு. தன் குரல் தனக்கே உரக்கக் கேட்டால் ஆள் குரலைத் தாழ்த்துவார். அந்தரங்கமாகப் பேச வேண்டிய வாசிப்பில் ஒலிப்பதிவாளர் ஹெட்போனில் குரலைக் கூட்டி வைத்தால் போதும், ‘மெதுவாகப் பேசுங்கள்’ என்று சொல்ல வேண்டியதில்லை. தன் குரல் தாமதமாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதை பெர்னார்டு லீ என்ற ஆய்வாளர் 1950-இல் எழுதினார். சுமார் 0.2 நொடி பிந்திக் கேட்டால் சரளமாகப் பேசுபவரும் திக்குவார், இழுப்பார், நின்றுவிடுவார். கணினி வழியே சுற்றி வரும் ஒலி அந்த அளவு பிந்துவதில்லை. ஆனால் 30, 40 மில்லிநொடியே வாசிப்பவரைச் சலிப்படையச் செய்யும். கணினிக்குப் போவதற்கு முன்பே மைக்கின் ஒலியை நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் வசதி இதற்காகத்தான் இருக்கிறது.

எண்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீடியோவுக்கு நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட். இந்த ஆழத்தில் ஒலி அளவைக் குறைத்துப் பதிவு செய்தாலும் தரம் கெடாது. அளவு மீறினால் வெட்டுப்பட்ட ஒலியைத் திரும்ப ஒட்டவைப்பது கடினம். அதனால் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தொடாமல் வைத்துக்கொள்வது நல்லது. ஒலிநூல்களைத் திரட்டும் ஏசிஎக்ஸ் தளம், குரலின் சராசரி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையிலும், யாரும் பேசாத நேரத்து இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்கிறது. முன்னதை மென்பொருளால் சரிக்கட்டலாம். பின்னதைத் தருவது அறையும் இடைவெளியும்.

இப்போது இரைச்சலையும் எதிரொலியையும் துடைத்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. செய்தித் துணுக்குக்கு அவை போதும். கதை வாசிப்புக்குப் போதாது என்பது என் கருத்து. சொல்லின் முடிவில் மெலிந்து தேயும் ஒலியையும் எதிரொலியின் வாலையும் கருவி குழப்பிக்கொள்கிறது. ‘அவள்’ என்பதன் கடைசி ‘ள்’ நறுக்கப்பட்டு நிற்கும். மூச்சும் அப்படித்தான். வாக்கியங்களுக்கு இடையே உள்ள மூச்சை முழுக்க வெட்டி எறிந்த வாசிப்பைச் சில நிமிடங்களுக்கு மேல் கேட்க முடியாது. கேட்பவருக்கே மூச்சு முட்டும். மூச்சைத் தணித்து விட வேண்டும், ஒழிக்கக் கூடாது. வெட்டிய இடத்தைச் சுத்த மௌனத்தால் நிரப்பினாலும் காது ஓட்டையாக உணரும். அதற்காகவே யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் ஒலியைத் தனியே பதிந்து வைத்துக்கொள்வார்கள்.

துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டும் கலைக்கு வயது அதிகம். 1936 ஜூலையில் லண்டனில் தொலைபேசியில் மணி சொல்லும் சேவை தொடங்கியது. தொலைபேசி ஆபரேட்டர்களிடையே போட்டி வைத்து எதல் கெய்ன் என்ற பெண்ணைத் தேர்ந்தார்கள். மணி, நிமிடம், நொடி என்று தனித்தனியாகச் சொன்ன அவர் குரலைக் கண்ணாடித் தட்டுகளில் ஒளித்தடங்களாகப் பதித்து, இயந்திரம் அந்தந்த நேரத்துக்குப் பொருத்தமான துண்டுகளைக் கோத்துச் சொன்னது. 1963 வரை அந்தக் குரல் ஒலித்தது. இதன் தொடர்ச்சியை 2005 ஜூலையில் அமெரிக்காவின் அட்லான்டா நகருக்கு அருகே பார்க்கலாம். சூசன் பென்னட் என்ற குரல் கலைஞர் தன் வீட்டு ஸ்டுடியோவில் ஒரு மாதம், நாளுக்கு நான்கு மணி நேரம், பொருளே இல்லாத வாக்கியங்களை வாசித்தார். ஆங்கிலத்தின் எல்லா ஒலிச் சேர்க்கைகளும் கிடைக்கும்படி அமைத்த வாக்கியங்கள் அவை. 2011-இல் ஐபோனில் ‘சிரி’ என்ற குரல் உதவியாளர் பேசியபோதுதான் தன் குரல் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை சொன்ன ஒரு அசையும் மூன்று வாரம் கழித்துச் சொன்ன ஒரு அசையும் ஒரே சொல்லுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். இடைவெளியோ தொனியோ அறையோ மாறியிருந்தால் ஒட்டு கேட்டுவிடும்.

தினசரித் தொழிலில் இதே சோதனை, திருத்தம் என்ற பெயரில் வருகிறது. பதிவு முடிந்து இரண்டு வாரம் கழித்து, நாலாவது வாக்கியத்தில் ஒரு எண் மாறிவிட்டது, அதை மட்டும் பேசித் தாருங்கள் என்று அழைப்பு வரும். ஆனால் ஒரே ஆளின் குரல் நாள் முழுக்க ஒன்றுபோல இருப்பதில்லை. காலையில் தாழ்ந்திருக்கும். இரவில் படுத்திருந்தபோது குரல் நாண்கள் சற்று வீங்கியிருக்கும். பேசப் பேச அது குறைந்து, மாலைக்குள் குரல் ஏறிவிடும். அப்போதைக்குக் குடிக்கும் தண்ணீரும் உதவாது, அது உணவுக்குழாய் வழியே போய்விடுகிறது; நாண்களைத் தொடுவதில்லை. முதல் நாளே உடலில் நீர் சேர்ந்திருக்க வேண்டும். அனுபவசாலிகள் முதல் பதிவின்போதே மைக்கின் உயரம், வாயிலிருந்து தூரம், எந்த மணிக்குப் பதிந்தது எல்லாவற்றையும் குறித்து வைத்திருப்பார்கள். திருத்தத்துக்கு அதே நேரத்தில் வந்து, பழைய பதிவிலிருந்து மூன்றாவது வாக்கியத்தை ஹெட்போனில் கேட்டு, அதோடு சேர்த்துத் தாமும் வாய்விட்டுச் சொல்லி, நிறுத்தாமல் அப்படியே நாலாவது வாக்கியத்துக்குள் போவார்கள். பிறகு மூன்றாவதை வெட்டி எறிந்துவிட்டு நாலாவதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.